ரஷ்யாக்காரி திரித்த பால்

எங்கே குழந்தை அழுதாலும் அவள் எழுந்துவிடுவாள். கையில் இருக்கிற வேலை அப்படியே நிற்கும். சட்டியில் கருவாடு கருகும், அடி பம்பின் கீழே குடம் பாதியில் கிடக்கும், பேசிக்கொண்டிருந்த ஆள் பாதிப் பேச்சோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். "இருமே, எந்தப் புள்ளன்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிவிடுவாள். எந்தப் பிள்ளையாக இருந்தால் இவளுக்கு என்ன என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். தெருக்கோடியில் ஒரு தாய்க்காரி தன் பிள்ளையை முதுகில் இரண்டு வைத்திருப்பாள், அது அலறும். இவள் போய் அந்தத் தாய்க்காரிக்கு நாலு வசவு கொடுத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பி வருவாள். அரை மணி நேரத்தில் தாய்க்காரி வந்து சிரித்துக்கொண்டே வாங்கிப் போவாள். கருகின கருவாட்டை என்ன செய்வது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. நான் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே வெந்துகொண்டிருந்த காலம். என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. அவள் கணவர் அதே எஸ்டேட்டில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். பேச்சே கிடையாது, வீட்டுக்கு வந்தால் ரேடியோவைக் காதில் வைத்துக்கொள்வார். அவளுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். தெருவே அவளை ரஷ்யாக்காரி என்று கூப்பிட்டது.

சென்ட்ரலைத் தாண்டி எந்த ஊரையும் பார்க்காத, அடுப்புக்கரி நிறத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நான் பிறகு சொல்கிறேன். முதலில் ரயில் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்குத்தான் அவளோடு முதல் சண்டை போட்டேன்.

அம்பத்தூரில் தீபாவளிக்குத் துணி எடுக்க ஆவடியில் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தாய் தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். அக்கா அடுத்த ஸ்டேஷன் அண்ணனூர் வரைக்கும் பொறுத்தாள். பிறகு எழுந்துபோய், "இப்டி குடும்மே, வெய்யில்ல கொயந்தைக்கு கசகசன்னு கீது" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஜன்னலோரம் நின்றுகொண்டு முதுகை நீவிவிட்டாள். வாய்க்குள் ஏதோ பாடினாள், எனக்குப் புரியவில்லை. குழந்தை தேம்பித் தேம்பித் தூங்கிவிட்டது. அம்பத்தூர் வந்தது. நான் எழுந்தேன். அவள் அசையவில்லை.

"இறங்குங்கக்கா!"

"எறங்குனா முழிச்சிக்கும்மே. இப்பத்தான் கண்ணு சொருவுது."

"குழந்தை அவங்களோடதுக்கா. குடுத்துட்டு வாங்க."

"குடுத்தா முழிச்சிக்காதா?"

வில்லிவாக்கம் வரை போனோம். எங்கள் டிக்கெட் அம்பத்தூரோடு சரி. செக்கர் வந்தால் என்ன சொல்வது என்று நான் பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாயோ நிம்மதியாகப் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் ரயிலில் நான் அவளோடு பேசவே இல்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. தோளில் இருந்த எச்சில் ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாய்க்குள் அவள் பாடியது ரஷ்யப் பாட்டு என்று அப்புறம் தெரிந்தது. ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலைக்கு அப்போது ரஷ்யாவிலிருந்து இன்ஜினீயர்கள் குடும்பத்தோடு வந்து குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அதில் ஒரு வீட்டில் அக்கா வேலை செய்தாள். பாத்திரம் தேய்க்கத்தான் போனாள். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தது. பெயர் மாஷா, அக்கா வாயில் மாசா. அழுதது. அக்கா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போய்த் தூக்கினாள். அதன் பிறகு பாத்திரத்தை அந்த ரஷ்யாக்கார அம்மாவே தேய்த்துக்கொண்டாள் என்றுதான் அக்கா சொல்வாள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் இடுப்பில் இடது பக்கம் புடவை எப்போதும் நைந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டில்தான் அவள் சீஸ் செய்யப் பழகினாள்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அக்காவுக்கு ரஷ்யன் தெரியாது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பாஷையிலேயே நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்களாம். "அதுக்கு ஒரு பேரு சொல்லும் அந்தம்மா. என் வாயில நுழையல. நீ சீஸுன்னு வெச்சிக்க" என்பாள். கடையில் விற்கிற மஞ்சள் சீஸை நான் அப்போது கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதால் வைத்துக்கொண்டேன்.

செய்வது பெரிய வித்தையெல்லாம் இல்லை. பாலை அடுப்பில் வைத்து, ஓரத்தில் நுரை கட்டி, பொங்கலாமா என்று யோசிக்கிற நேரத்தில் தீயைக் குறைத்துவிட வேண்டும். நன்றாகப் புளித்த தயிரைக் கடைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கிளறக் கூடாது, சும்மா ஒரு சுற்று. பால் திரிந்து திப்பி திப்பியாக ஒதுங்கும், அடியில் பச்சை கலந்த தண்ணீர் நிற்கும். மல்துணியில் வடிகட்டி, முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு, சொட்டு நின்றதும் துணியோடு தட்டில் வைத்து மேலே ஒரு கனத்தை ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்கென்றால் உப்பு, சீரகம். குழந்தைக்கென்றால் ஒன்றும் கிடையாது. மாஷா பல் முளைத்ததிலிருந்து அதைத்தான் தின்று வளர்ந்தது. அக்கா கையால் ஊட்டினால்தான் வாயைத் திறக்குமாம். இதையும் கூட்டிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டாலும் பாதியாவது நிஜமாக இருக்கும்.

பாஷை தெரியாமல் பழகியதில் ஒரு கூத்து நடந்திருந்தது. சீஸ் நன்றாக வந்துவிட்டால் அந்த அம்மா சிரித்துக்கொண்டே மேஜையை மூன்று தட்டுத் தட்டுவாளாம். அக்கா அதையும் செய்முறையில் சேர்த்துக்கொண்டாள். தட்டினால்தான் கட்டி இறுகும் என்று நம்பினாள். அவள் வீட்டில் மேஜை ஏது? அருவாமனைப் பலகையைத் திருப்பி வைத்து, பயபக்தியோடு மூன்று தட்டுத் தட்டுவாள். ஒரு முறை என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, எலி ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டார். பல வருடம் கழித்து ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தேன்: நல்லது நடந்தால் கண் படக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் மரத்தைத் தட்டுவார்களாம். நம் ஊரில் திருஷ்டி கழிப்பது மாதிரிதான். அதைப் படித்ததும் உடனே எழுந்துபோய் அக்காவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. எங்கே போய்ச் சொல்வது? அப்போது நாங்கள் ஓசூருக்குக் குடிபோயிருந்தோம். அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனேன், அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை.

அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பிய நாளைப் பற்றி அவள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்வாள். இதில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை.

"வேன்ல ஏத்தும்போது மாசா எம் முந்தானிய புடிச்சிகினு உடல. அந்தம்மா ஒவ்வொரு வெரலா பிரிச்சுது. அந்தம்மாவும் அழுவுது. உள்ள ஏத்திகினு கதவ சாத்திட்டாங்கோ. கண்ணாடியில மூஞ்ச வெச்சி கத்துது. சத்தம் வெளிய கேக்கல தங்கச்சி. கண்ணாடி மூடிகினு கீது இல்ல? வாய் மட்டும் தெர்யுது."

பிறகு, "எம்மா நேரம் அழுதுச்சோ. யார் தூக்குனாங்களோ" என்பாள்.

அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. குழந்தை போய்விட்டதே என்றுகூட அவள் அவ்வளவாகப் புலம்பியதில்லை. அடுத்தவர் பிள்ளை, ஒரு நாள் போகும் என்று அவளுக்குத் தெரியும். அது இன்னும் அழுதுகொண்டிருக்கிறதோ என்கிற கேள்விதான் அவளை விடவில்லை. மாதங்கள் போன பிறகும், ஒரு குழந்தை அத்தனை நாள் அழாது என்று எவ்வளவு சொன்னாலும், "உனக்கு மாசாவ தெர்யாதும்மே" என்று முடித்துவிடுவாள்.

அந்த நாடே உடைந்துவிட்டதாகப் பேப்பரில் வந்த சமயம் அது. எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டி.வி.யில் ஒரு நாள், அங்கே ஜனங்கள் பனியில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில் நிற்பதைக் காட்டினார்கள். அக்கா டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். செய்தி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"பாலுக்கு லைன்லயா நிக்கிறாங்கோ?"

"இது என்னைக்கோ எடுத்ததா இருக்கும்க்கா."

"அப்ப புள்ளிங்களுக்கு இன்னா துன்னக் குடுப்பாங்கோ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வீட்டில் பாலைத் திரித்தாள். எருமைப்பால், சைக்கிள் பால்காரரிடம் சொல்லி வாங்கியது. குவார்ட்டர்ஸில் ஃபிரிட்ஜ் இருந்தது, இவள் வீட்டில் இல்லை. முதல் தடவை துணி மூட்டையை ஜன்னலில் தொங்கவிட்டுப் பூனை தின்றது. இரண்டாம் தடவை வெயிலில் புளித்து நாறியது. பிறகு தண்ணீர்ப் பானை வைக்கிற ஈர மணலில் சட்டியைப் புதைத்து, அதற்குள் தட்டை வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றினாள். வந்துவிட்டது. துண்டு போட்டுத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். வடிந்த தண்ணீரில் கேழ்வரகுக் கூழ் கரைத்தாள்.

"அங்க அது துன்னுச்சோ இல்லியோ. இங்க ஏதோ ஒரு புள்ள துன்னட்டும்" என்றாள்.

அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சீஸ்தான். பிள்ளைகள் சர்க்கரை தொட்டுத் தின்றார்கள். என் கணவர் மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுவிட்டு, "திரிஞ்ச பாலுக்கு இவ்வளவு மவுசா?" என்று கிண்டல் செய்தார். நான் தின்னவில்லை. எங்கள் வீட்டில் பால் திரிந்தால் அம்மா முகம் மாறி, பாத்திரத்தைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவாள். அடுப்பில் பால் பொங்கினால் லட்சுமி, திரிந்தால் மூதேவி என்று வளர்ந்தவள் நான். வேண்டுமென்றே ஒருத்தி பாலைத் திரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்தில் ஏதோ ஊறுகிற மாதிரி இருக்கும்.

எனக்கே அப்படியென்றால் கூடவே இருந்த அவள் மாமியாருக்கு எப்படி இருந்திருக்கும்? கிழவி பொல்லாதவள், ஆனால் அந்த விஷயத்தில் அவளுக்கு மெய்யாகவே பயம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஊட்டு அடுப்புல வெச்சி வேணும்னே பாலத் திரிக்கிறவ வயித்துல இன்னாடி தங்கும்? எம் புள்ள வம்சம் உன்னாலதான் நிக்காத போவுது!"

அக்கா வாசலுக்கு வந்தாள். "கண்ணாலம் ஆயி இத்தினி வருசம் பால் ஒழுங்காத்தான பொங்குச்சி? அப்ப மட்டும் தங்கிச்சா?"

தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள். கிழவிக்கு அதுதான் பொறுக்கவில்லை. உள்ளே போய் சட்டி, துணி, குழவி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து சாக்கடையில் போட்டாள். அக்காவின் கணவர் ரேடியோவை நிறுத்திவிட்டு எழுந்தார். ஏதோ பேசப் போகிறார் என்று நினைத்தோம். சாக்கடையில் இறங்கிக் குழவியை எடுத்துக் கழுவி அம்மி மேல் வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு அக்கா பால் தூக்கோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். "உன் அடுப்பு சும்மாதான கீது?" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அதற்கு முந்தின வருடம் எனக்கு ஒரு கர்ப்பம் கலைந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களோடு சேர்த்து ஒரே வார்டில்தான் என்னையும் போட்டிருந்தார்கள். ஊரிலிருந்து அம்மா வந்துசேரும்வரை அக்காதான் கூட இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் பிறந்த குழந்தை ஓயாமல் அழுதது. அந்தத் தாய் மயக்கத்தில் இருந்தாள், தூக்க ஆள் இல்லை. நான் அக்கா முகத்தையே பார்த்தேன். இப்போது எழுந்துபோவாள், தூக்கிக்கொண்டு என் எதிரில் நடப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வரும்வரை அப்படியே இருந்தாள். எனக்குத் தெரிந்து ஒரு குழந்தை அழுது அவள் எழுந்திருக்காதது அந்த ஒரு முறைதான். அப்படிப்பட்டவளுக்கு அடுப்பைத் தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ரஷ்யா எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் சில வாரம் நான் சமையலறைப் பக்கமே போகவில்லை. பிறகு எட்டிப் பார்த்தேன். பிறகு மல்துணியின் ஒரு முனையைப் பிடித்தேன். ஒரு நாள் துளி வாயில் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. கணவருக்கு அடுத்தபடி அக்காவிடம்தான் சொன்னேன். என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். "எத்தையும் தூக்காத, ஜல்தியா நடக்காத" என்று ஆயிரம் புத்தி சொன்னாள். அந்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று போய்ப் பார்த்தேன். பால்காரரிடம் கூடுதல் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"ஏங்க்கா?"

"இன்னா ஏன்? புள்ளத்தாச்சி ஊட்டு அடுப்புல பாலத் திரிப்பாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். "வாசல்ல நின்னு உங்க மாமியாரை எதிர்க்கேள்வி கேட்டது நீங்கதானே?"

"எனக்குன்னா நான் நம்பல தங்கச்சி. உனக்குன்னா பயமா கீது."

"அப்போ மாஷா?"

அவள் முறத்தில் அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "அது பெர்சாயிருக்கும். ரொட்டி துன்னும்" என்றாள்.

அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மாமியார் சாக்கடையில் எறிந்தபோதுகூட நிறுத்தாதவள், எனக்காக நிறுத்திவிட்டாள். நிறுத்த வேண்டாம், செய்யுங்கள் என்று எவ்வளவோ மன்றாடினேன். கேட்கவில்லை. பிரசவம் ஆகட்டும் என்றாள். ஆனது, பெண் குழந்தை. பால் குடிக்கிற பிள்ளை இருக்கிற வீடு, பல் முளைக்கட்டும் என்றாள். பல் முளைத்தது. நடக்கட்டும் என்றாள். என் பெண் அழுதால் எனக்கு முந்தி வந்து நிற்பாள், குளிப்பாட்டுவாள், தூங்கவைப்பாள், அதிலெல்லாம் குறையே இல்லை. ஆனால் மாஷாவைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். டி.வி.யில் செய்தி வந்தால் எழுந்து போய்விடுவாள். அந்த ரஷ்யப் பாட்டையும் நிறுத்திவிட்டாள்; என் பெண்ணுக்குத் தமிழில் ஏதோ சினிமா மெட்டுதான். உள்ளே அவள் எதையோ சாத்திப் பூட்டிக்கொண்டிருந்தாள், அதற்குக் காரணம் நான். எனக்கு அது நாளுக்கு நாள் பாரமாக இருந்தது.

என் குணம் உங்களுக்குத் தெரியாது. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது. நானே பாலைத் திரிக்கத் தீர்மானித்தேன்.

துணி முனையைப் பிடித்தவளுக்கெல்லாம் சீஸ் வந்துவிடுமா? முதல் தடவை பால் சூடேறுவதற்குள் அவசரப்பட்டுத் தயிரை ஊற்றினேன். வெதுவெதுப்பான மோர்தான் கிடைத்தது, அதைத் தாளித்துக் குழம்பாக்கினேன். இரண்டாம் தடவை கொதிக்கக் கொதிக்க விட்டேன். அது செருப்புத் தைக்கிற ரப்பர் மாதிரி வந்தது. என் கணவர் ஒரு துண்டைத் தரையில் போட்டு, துள்ளுகிறதா என்று பார்த்தார். சித்திரை வெயிலில் தொங்கவிட்டது கெட்டுப்போய் எறும்பு மொய்த்தது. ஒவ்வொரு தடவை பால் திரியும்போதும் என் கண் தானாகத் தொட்டிலுக்குப் போகும். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். என் அம்மா வளர்த்த பயம், அது அவ்வளவு சுலபமாகப் போகாது. குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கும். மறுபடி அடுப்பைப் பார்ப்பேன்.

ஒரு நாள் வந்துவிட்டது. வெள்ளையாக, அமுக்கினால் மெல்ல உள்ளே போய்த் திரும்பி வருகிற மாதிரி. ஒரு கிண்ணத்தில் போட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கிழவி பூந்தமல்லியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"இன்னாமே இது?"

"சீஸ்."

"யார் செஞ்சது?"

"நான்தான்."

கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அறிவு கீதா உனக்கு? ஒண்ண பறிகுடுத்துட்டு கஷ்டப்பட்டுப் பெத்தவ! பச்ச புள்ளைய ஊட்ல வெச்சிகினு இந்த வேல பண்ணுவியா?"

எனக்கும் ஏறிவிட்டது. "இன்னைக்கு மட்டும் இல்லக்கா. வாரக்கணக்கா திரிக்கிறேன். எத்தனை லிட்டர் பால் திரிஞ்சதுன்னு பால்காரரைக் கேளுங்க. இவளுக்கு ஒரு தும்மல்கூட வரல. நீங்களே பாருங்க" என்று குழந்தையை அவள் கையில் திணித்தேன்.

அவள் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள், கழுத்தில் வைத்தாள், உள்ளங்காலை விரித்துப் பார்த்தாள். வைத்தியர்கூட அப்படிப் பார்க்கமாட்டார். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. வெகுநேரம் கழித்துக் கிண்ணத்திலிருந்து ஒரு விள்ளல் எடுத்து விரலால் நசுக்கினாள், நாக்கில் வைத்தாள்.

"உப்பு போட்டுக்கீற. புள்ளைக்கு உப்பு போடாத குடுக்கணும்."

உள்ளே போய் அந்த விள்ளலைத் தண்ணீரில் அலசினாள். துளி வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்து உள்ளங்கையில் பிசைந்தாள். குழந்தையை மடியில் சாய்த்து, "ஆ" என்று தன் வாயையும் திறந்துகொண்டு ஊட்டினாள். என் பெண் முகத்தை அஷ்டகோணலாக்கி, அப்படியே அவள் புடவை மேல் துப்பினாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது.

"மாசாவும் மொத தபா இப்டித்தாம்மே. எம் மூஞ்சி மேலயே துப்புச்சி."

மறுபடி ஊட்டினாள். இந்தத் தடவை கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு யோசித்தது. விழுங்கியது. அடுத்ததற்குத் தானே வாயைத் திறந்தது. அவள் ஒவ்வொரு துளியாக ஊட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"தங்கச்சி, மாசா என்னிய மறந்துருக்கும் இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். எப்படி மறக்கும் என்று சொன்னால் அவளுக்கு அந்த நேரத்துக்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் அவள் நிஜத்தைத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது.

"மறந்திருக்கும்க்கா. போகும்போது அதுக்கு மூணு வயசுகூட ஆகலையே."

உடைந்துபோவாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன். அவள் முந்தானையை எடுத்துக் குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"மறந்துருந்தா சர்தாம்மே" என்றாள். "அழுவாத இருக்கும்."

என் பெண்ணுக்கும் அக்காவை ஞாபகம் இல்லை. நாங்கள் ஓசூருக்குக் கிளம்பும்போது இவளுக்கும் மூன்று வயது ஆகியிருக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு முறை நான் கோவில்பதாகைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு வீடும் இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றது, அக்காவைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து, அந்த ரஷ்யாக்கார அக்கா, உனக்கு ஊட்டுவாளே என்று பெண்ணிடம் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த அக்காம்மா என்றாள். இன்றுவரை அதேதான் சொல்கிறாள். அழாமல் வளர்ந்தாள், அதுவரைக்கும் நல்லது. ஆனால் அக்காவுக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. அந்தக் கையை இவள் எப்படி மறந்தாள் என்று எனக்கு இன்னும் ஆறவே இல்லை.